மூலிகையிடம் சான்று கேட்டவர்

இருமல் கண்டால் ஆடாதோடை இலைச் சாறு, நீர் சுருங்கி உடல் வீங்கினால் மூக்கிரட்டை வேர்க் குடிநீர், சீதக்கழிச்சலுக்குக் குடசப்பாலைப் பட்டை என்று நம் நாட்டு மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தனர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்று மருத்துவ முறைகளுக்கும் இவற்றுள் பல மூலிகைகள் பொதுவானவை. எந்த மூலிகை எந்த நோய்க்கு உதவும் என்பதை நூல்கள் கூறின, குருவும் கூறினார். அந்த மூலிகையில் உள்ள எப்பொருள் நோயைத் தணிக்கிறது, எவ்வளவு கொடுத்தால் போதும், எந்த அளவைத் தாண்டினால் நஞ்சாகும், கடையில் வாங்கிய வேர் உண்மையில் அந்தச் செடியின் வேர்தானா என்னும் கேள்விகளுக்கு அளந்து பார்த்துச் சொல்லப்பட்ட விடை இல்லை. அக்கேள்விகளை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுசென்று, விடை எதுவாயினும் எழுதிவைத்தவர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அறிவியல் உலகம் அவரைக் குறிப்பிடுகிறது.

ராம்நாத் சோப்ரா 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பஞ்சாபில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே டிக்சன் என்ற பேராசிரியரிடம் மருந்தியல் கற்றார். மருந்து உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை உயிரியின்மீது சோதித்து அளக்கும் அத்துறை அப்போது இங்கிலாந்திலேயே இளமையானது. இந்தியாவில் அதற்கெனத் தனிப் பேராசிரியர் பதவிகூட இல்லை. 1908இல் சோப்ரா இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது பெரும்பாலும் படைக்கு மருத்துவர்களை அளித்த பணி. ஆகவே அடுத்த பல ஆண்டுகள் அவருக்கு இராணுவத்தில் கழிந்தன. முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். கற்ற கல்வியைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்கு ஏறத்தாழ நாற்பதாம் வயதில்தான் வந்தது.

கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. காலரா, காலா அசார், சீதக்கழிச்சல், தொழுநோய் போன்ற நோய்களை ஆராய்வதே அதன் நோக்கம். 1921இல் சோப்ரா அதன் மருந்தியல் பேராசிரியர் ஆனார். பள்ளியை ஒட்டியே கார்மைக்கேல் மருத்துவமனையும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டதை நோயாளியின் படுக்கையருகே சரிபார்க்கவும், படுக்கையருகே எழுந்த ஐயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரவும் இந்த அண்மை உதவியது.

அந்த 1921ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய ஆயுர்வேத யுனானித் திப்பியாக் கல்லூரியைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். சென்னை மாகாணத்தில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நிலையை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். விடுதலை உணர்வு நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. நாட்டு மருத்துவத்தைப் போற்றுவது நாட்டுப்பற்றின் அடையாளம் என்று ஒரு சாரார் கருதினர். அது வெறும் மூடநம்பிக்கை என்று மேலைமுறை மருத்துவர் பலர் ஒதுக்கினர். இரு தரப்பிலும் ஒரு மூலிகையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள் மிகச் சிலரே. சோப்ரா எந்தத் தரப்பிலும் சேரவில்லை. அவர் தம் உதவியாளர்களுடன் பட்டையையும் வேரையும் இடிக்கத் தொடங்கினார்.

அவருடைய முறை எளிதாகச் சொல்லக்கூடியது. செய்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டுவது. முதலில் தாவரவியலார் செடியை இன்னதென்று உறுதி செய்வார். அடுத்து வேதியியலார் அதன் பொடியைச் சாராயம், ஈதர், நீர் முதலியவற்றில் ஊறவைத்து, எதில் எப்பொருள் கரைந்து வருகிறது என்று பார்ப்பார். சிறிதளவிலேயே உடலில் வலிமையாகச் செயல்படும் ஆல்கலாய்டு என்னும் கசப்புப் பொருள் கிடைக்கிறதா என்பதே அவருடைய முதல் தேடல். பிறகு மருந்தியலார் அச்சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சும் எவ்வாறு மாறுகின்றன என்று பதிவு செய்வார். புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளை ஒன்று மெல்லச் சுழலும். நெம்புகோலின் நுனி அதில் வெள்ளைக் கோடாக ஏற்ற இறக்கங்களை வரையும். மருந்து செலுத்திய கணத்தில் அந்தக் கோடு தாழ்ந்ததா, உயர்ந்ததா, அசையாமல் சென்றதா என்பதே சான்று. நஞ்சாகும் அளவு எதுவெனத் தெரிந்த பிறகே மருந்து மனிதருக்குக் கொடுக்கப்படும்.

இந்த முறையில் முதற்படி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் குடசப்பாலையே நல்ல எடுத்துக்காட்டு. வங்காளத்தில் குர்ச்சி என்று வழங்கும் இம்மரத்தின் பட்டை சீதக்கழிச்சலுக்குப் பெயர் பெற்றது. மலையாளக் கரையில் அதன் பயனைக் கண்ட ஐரோப்பியர், தலைச்சேரிப் பட்டை என்ற பெயரில் அதைத் தம் நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். ஆனால் அங்கே அது நெடுநாள் நிலைக்கவில்லை. பலருக்கு அந்தப் பட்டையால் குணம் ஏற்படவில்லை; மதிப்பிழந்து மறைந்தது. காரணம் மூலிகையில் இல்லை, மூட்டையில் இருந்தது. வெட்பாலை என்ற மற்றொரு மரத்தின் பட்டை அதனோடு கலந்து விற்கப்பட்டது. பார்வைக்கு ஒத்திருக்கும் அவ்விரு மரங்களுக்கும் தமிழிலேயே வெட்பாலை என்ற பெயர் பொதுவாக வழங்குவதுண்டு. வெட்பாலைக்கும் வேறு மருத்துவப் பயன் உண்டு. ஆனால் சீதக்கழிச்சலைத் தணிக்கும் ஆல்கலாய்டு குடசப்பாலையில்தான் இருக்கிறது. செடியை உறுதி செய்யாமல் செய்யும் எந்தச் சோதனையும் வேறொருவருக்குத் தீர்ப்பு வழங்குவது போன்றதுதான்.

குடசப்பாலையில் சோப்ரா இவ்வளவு அக்கறை காட்டியதற்குக் காரணம் இருந்தது. அமீபாவினால் வரும் சீதக்கழிச்சலுக்கு அக்காலத்தில் எமெட்டின் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தினர். அது தென்னமெரிக்கச் செடியொன்றின் வேரிலிருந்து எடுக்கப்படுவது. வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியது. அளவு மிகுந்தால் இதயத்தைத் தாக்குவது. தெருவோரத்தில் வளரும் மரத்தின் பட்டை அவ்வேலையை ஓரளவு செய்யுமானால் ஏழை நோயாளிக்கு அது பெரும் உதவி. சோப்ராவும் அவருடன் பணியாற்றியோரும் குடசப்பாலையின் ஆல்கலாய்டுகளைப் பிரித்துச் சோதித்தனர். நாட்பட்ட சீதக்கழிச்சலில் அவை பயன் தருவதைக் கண்டனர்.

மூக்கிரட்டையின் கதை சற்று வேறுபட்டது. சிறுநீரைப் பெருக்கும் என்று புகழ்பெற்ற இச்செடியில் ஓர் ஆல்கலாய்டு இருப்பதைச் சோப்ரா கண்டார். கூடவே பொட்டாசியம் நைட்ரேட் என்னும் உப்பும் மிகுதியாக இருந்தது. அந்த உப்பே சிறுநீரைப் பெருக்க வல்லது. ஆக, பழைய மருத்துவர் கண்ட பயன் உண்மை. அப்பயனில் ஒரு பங்கு எளிய ஓர் உப்பினுடையது. ஆடாதோடையில் முன்பே கண்டறியப்பட்டிருந்த வாசிசின் என்னும் ஆல்கலாய்டு மூச்சுக் குழல்களைச் சிறிது விரியச் செய்கிறது என்று அவருடைய சோதனைகள் காட்டின. பிற்காலத்தில் ஐரோப்பிய வேதியியலார் இதே வாசிசினின் அமைப்பை அடியொற்றிப் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினர். சளியை இளக்கும் மருந்துகள் பலவற்றில் இன்றும் அது சேர்க்கப்படுகிறது.

எல்லா மூலிகைகளும் இவ்வாறு தேறவில்லை. இதய நோய்க்கு உகந்ததெனப் பெயர் பெற்ற மருத மரத்தின் பட்டையை ஆராய்ந்தபோது சுண்ணச் சத்தும் துவர்ப்புப் பொருளும் மிகுதியாகக் கிடைத்தன. இதயத்தின்மீது செயல்படும் ஆல்கலாய்டோ கிளைக்கோசைடோ கிடைக்கவில்லை. அதே காலத்தில் பம்பாயில் மாஸ்கர், காயஸ் என்னும் இருவர் பாம்புக்கடிக்கு மருந்தென்று சொல்லப்பட்ட மூலிகைகளை நூற்றுக்கணக்கில் சோதித்து, 1931இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுகூட நஞ்சை முறிக்கவில்லை. இத்தகைய முடிவுகள் யாருக்கும் மகிழ்ச்சி தருவன அல்ல. ஆயினும் பாம்பு கடித்தவரின் உறவினர் பச்சிலை தேடி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலை என்பதை எண்ணும்போது, இல்லை என்று துணிந்து கூறிய அந்த ஆய்வு காப்பாற்றும் உயிர்கள் குறைவல்ல. சோப்ரா தம் நூலில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் ஒருங்கே எழுதினார்.

1933இல் வெளிவந்த இந்திய நாட்டு மருந்துகள் என்னும் அந்த ஆங்கில நூல் அவருடைய பத்தாண்டு உழைப்பின் விளைவு. இந்தியா தன் மருந்துத் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ள வேண்டும். பழைய முறைகளில் உள்ள நல்ல மருந்துகளைச் சோதித்து ஏற்க வேண்டும். மருந்தின் விலை ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்பவை அதன் நோக்கங்கள். ஆஸ்துமாவுக்கு உதவும் எபிட்ரின் கிடைக்கும் எபிட்ரா என்னும் புதர், சீனாவில் மட்டுமன்றி அன்றைய இந்தியாவின் வடமேற்கு வறண்ட மலைகளிலும் விளைகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எந்த இனத்தில், எந்தப் பருவத்தில் பறித்தால் சத்து மிகுதி என்பதும் அளக்கப்பட்டது. மழை மிகுந்த காலத்தில் பறித்த செடியும் வறண்ட காலத்தில் பறித்த செடியும் ஒன்றல்ல. மூலிகையைக் காலம் பார்த்துப் பறிக்க வேண்டும் என்று பழைய மருத்துவர் விதித்தது வீணன்று என்பதற்கு இது ஒரு சான்று.

அந்நூல் வந்த அதே ஆண்டில் சர்ப்பகந்தி பற்றிய அவர்களுடைய ஆய்வும் வெளிவந்தது. பாம்பு போல் வளைந்த வேரை உடைய இச்சிறு செடி, பீகாரிலும் வங்காளத்திலும் மனநோய்க்கு மருந்தாக நெடுங்காலம் விற்கப்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேர் மனக் கொந்தளிப்பைத் தணிக்கிறது, இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் டெல்லித் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். சோப்ரா, குப்தா, முகர்ஜி ஆகிய மூவரும் வேரின் சத்தை விலங்குகளில் சோதித்தனர். இரத்த அழுத்தம் தாழ்வதையும் அமைதி ஏற்படுவதையும் கண்டனர். எந்தத் தனிப் பொருள் இதைச் செய்கிறது என்பது மட்டும் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் இவ்வேரைப் பயன்படுத்திப் பார்த்து, 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் உள்ள சிபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்பொருளைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டனர். உயர் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது உலகெங்கும் வழங்கப்பட்டது. இந்தியரின் கருவிகளும் பொருள்வளமும் குறைவாக இருந்த காலத்தில் வழியின் பெரும்பகுதியை அவர்கள் நடந்து முடித்திருந்தனர். கடைசிச் சில அடிகளை வேறொருவர் நடந்தார். இதில் வருத்தப்பட இடமுண்டு. நாட்டு மூலிகைக்குச் சோதனையால் உலகில் இடம் கிடைத்ததென்று பெருமைப்படவும் இடமுண்டு.

ஆய்வுக்கூடத்தில் தூய்மை காத்தாலும் கடையில் விற்கும் மருந்து போலியானால் நோயாளிக்கு என்ன பயன்? இக்கேள்வி அக்காலத்தில் நாட்டை வாட்டியது. மலேரியா ஆண்டுதோறும் பல இலட்சம் பேரைக் கொன்றது. அதற்கு மருந்தான கொய்னாவுக்காக நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் அரசே சிங்கோனா மரம் வளர்த்தது. இருந்தும் சந்தையில் கிடைத்த கொய்னாவில் அளவு குறைந்ததும் கலப்படமானதும் மலிந்திருந்தன. மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்த நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை. 1930இல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்குச் சோப்ரா தலைவரானார். மாகாணங்களில் சாட்சியங்களைத் திரட்டி 1931இல் அறிக்கை அளித்தார். மருந்துக்குச் சட்டம் வேண்டும், சோதிக்க நடுவண் ஆய்வுக்கூடம் வேண்டும், மருந்து கலப்போருக்கு முறையான கல்வி வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1937இல் கல்கத்தாவில் தொடங்கிய தரநிர்ணய ஆய்வுக்கூடமும் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் அவ்வறிக்கையின் பயன்கள்.

அச்சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. கொய்னாவில் கலப்படம் செய்தவரைத் தண்டிக்க வழி பிறந்தது. குடசப்பாலை என்று வெட்பாலையை விற்றவரைக் கேட்பார் இல்லை.

1941இல் சோப்ராவுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டே கல்கத்தாப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்ற சொல்லுக்கு அவரிடம் பொருளில்லை. மூலிகைகள் செறிந்த காஷ்மீருக்குச் சென்று, ஜம்முவில் புதிதாக அமைந்த மருந்து ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார்.

நாடு விடுதலை பெறும் தறுவாயில் மேலும் கடினமான பணி ஒன்று அவரிடம் வந்தது. நாட்டு மருத்துவ முறைகளின் எதிர்காலத்தை ஆராய 1946இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். நாட்டு மருத்துவர்கள் வெகுநாளாக எழுப்பி வந்த மறுப்பை இங்கே அவர் நேர்நின்று எண்ண வேண்டியிருந்தது. நாட்டு மருந்து பெரும்பாலும் பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து. நோயாளியின் உடல்வாகு, உண்ணும் உணவு, பத்தியம் ஆகியவற்றோடு சேர்த்தே அது கொடுக்கப்படுகிறது. ஒரே செடியிலிருந்து ஒரே பொருளைப் பிரித்துத் தவளையின் இதயத்தில் சொட்டவிட்டு, அது அசையவில்லை என்பதால் அம்மருந்து வீண் என்று தீர்ப்பளிப்பது முறையா என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வி வெறும் சாக்கு அன்று. சோப்ராவின் காலத்துக் கருவிகள் ஆல்கலாய்டைக் கண்டுபிடிப்பதில் வல்லவை. பல பொருள்கள் சேர்ந்து மெல்லச் செய்யும் வேலையை அளப்பதில் அவ்வளவு வல்லவை அல்ல. ஆனால் மறுபக்கமும் உண்டு. கூட்டு மருந்து என்று சொல்லிச் சோதனையையே மறுத்தால், நல்ல மருத்துவரையும் போலி மருத்துவரையும் நோயாளி எப்படிப் பிரித்தறிவார்?

1948இல் வெளிவந்த குழுவின் அறிக்கை, இரு மருத்துவ முறைகளையும் தனித்தனியே வளர விடுவதைவிட ஒன்றிணைப்பதே நலம் என்றது. ஒருவரின் கல்வியில் மற்றவரின் அறிவும் சேர வேண்டும், ஆராய்ச்சியில் இரு சாராரும் ஒருங்கே அமர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரு பக்கத்திலும் இதை எதிர்த்தவர்கள் இருந்தனர். மேலைமுறை மருத்துவர் பலருக்கு இது தாழ்வாகப் பட்டது. நாட்டு மருத்துவருள் சிலருக்கோ தம் முறை கரைந்துபோகும் என்ற அச்சம். ஒருங்கிணைப்பு அவர் எண்ணிய வடிவில் நிறைவேறவில்லை. ஆராய்ச்சி பற்றிய பரிந்துரைகளே வேரூன்றின.

1956இல் வேறிருவருடன் சேர்ந்து இந்திய மருத்துவத் தாவரங்களின் அகராதி ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு செடிக்கும் அறிவியல் பெயர், பல இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்கள், பயன், கண்டறியப்பட்ட வேதிப்பொருள் ஆகியவை அதில் அகர வரிசையில் தரப்பட்டன. இரு மரங்களுக்கு ஒரே பெயர் வழங்கும் நாட்டில் இத்தகைய நூல் எவ்வளவு தேவை என்று குடசப்பாலையை ஆராய்ந்த அவர் நன்கு அறிந்திருந்தார். மறு ஆண்டு ஜம்மு ஆய்வுக்கூடத்தை அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் ஏற்றுக்கொண்டது.

1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைவெளியும் அவர் வாழ்நாளிலேயே அடைக்கப்பட்டது. 1964இல் திருத்தப்பட்ட சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. அவற்றைச் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. அப்போது சோப்ராவுக்கு எண்பத்திரண்டு வயது. தொண்ணூறு வயதைக் கடந்து 1973ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அவர் காலமானார். ஜம்முவில் அவர் பொறுப்பேற்ற ஆய்வுக்கூடம் இன்று இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் என்ற பெயரில் மூலிகைகளைச் சோதித்து வருகிறது.